என் இடது காலும் தம்பியின் இணைச்சீரும்

நான் பெருந்துறைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் டீச்சர். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நரம்பு மண்டலம் நடத்தும்போது என் வகுப்பில் நரம்புச் செல்லுக்குத்தான் ராஜ மரியாதை. பலகை முழுக்க அதை வரைவேன். கலர் சாக்பீஸ் எல்லாம் அதற்கே தீர்ந்துவிடும். அதைச் சுற்றியிருந்து தாங்குகிற துணைச் செல்களுக்கு வரும்போது மணி அடிக்கிற நேரமாகியிருக்கும். "இதெல்லாம் சும்மா சப்போர்ட்டுக்கு இருக்கற செல்லு. ஒரு மார்க்குக்கு மேல கேக்க மாட்டாங்க" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். அந்தச் செல்களுக்குக் காது இருக்கும் என்று யார் கண்டது?

எனக்கு ஒரு தம்பி. வயதில் நல்ல இடைவெளி. நான் பாவாடை கட்டிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் பிறந்தவன். கோயமுத்தூரில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். பெண் பார்த்துப் பார்த்து, புரோக்கர்களெல்லாம் எங்கள் போனை எடுப்பதையே நிறுத்திய பிறகு, போன ஐப்பசியில் ஒரு நல்ல இடம் அமைந்தது. கல்யாணம் வைகாசியில் என்று முடிவானது. நிச்சயத்தன்றே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டேன், இணைச்சீருக்கு எனக்கு எடுக்கிற சேலை அரக்கு நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று.

எங்கள் கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மணப்பெண் வந்து மாப்பிள்ளை பக்கத்தில் நிற்பதற்கு முன்னால், கூடப்பிறந்தவள் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரு சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். சீர் செய்து வைக்கிற பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கிற வரைக்கும் அவள் நின்றபடியே இருக்க வேண்டும். வேலை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, நிற்பதுதான் வேலை. ஆனால் அந்த நிற்பதற்காகத்தான் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் தம்பி தொட்டிலில் கிடக்கும்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம். நானும் அப்படிக் காத்திருந்தவள்தான்.

நிச்சய விருந்து முடிந்த கையோடு எனக்கு வயிறு கெட்டது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது, மறந்தும் போனேன். அப்புறம் கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் பாதம் இரண்டிலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. மறுநாள் செருப்பு கழன்றதே தெரியாமல் ஸ்டாஃப் ரூம் வரைக்கும் ஒற்றைச் செருப்போடு நடந்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த டாக்டரிடம் போனேன்.

"காலு மரத்துப்போன மாதிரி இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

இங்கேதான் எங்கள் ஊர் வளர்ப்பு என் காலை வாரிவிட்டது. எங்கள் பக்கத்தில் யாராவது உடம்பைப் பற்றிக் கேட்டால், உயிர் தொண்டைக்குழியில் நின்றாலும் ஒரே ஒரு பதில்தான் வாயில் வரும். "லேசாத்தானுங்க. பரவாயில்லீங்க" என்றேன். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். "அப்படீங்களா, சரிங்க" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்னதைத்தானே அவர் நம்பினார்.

அதற்கு அடுத்த நாள் வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தேன், மேஜையைப் பிடித்துப் பார்த்தேன், பிள்ளைகள் முன்னால் அசடு வழிந்ததுதான் மிச்சம். தம்பி காரை எடுத்துக்கொண்டு வந்து என்னைக் கோயமுத்தூருக்கு அள்ளிக்கொண்டு போனான். பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். கால் உதைக்கவில்லை. நரம்பில் லேசாகக் கரண்ட் விட்டு, அது போய்ச் சேருகிற வேகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் நரம்பு டாக்டர் வந்து, "இதுக்கு ஜி.பி.எஸ்.னு பேருங்க" என்றார்.

"போன்ல வழி காட்டுமே, அதுங்களா?" என்று தம்பி கேட்டான். டாக்டர் சிரிக்கவில்லை. இந்தக் கேள்வியை அவர் நிறையப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

விஷயம் இதுதான். வயிற்றுக்குள் வந்த கிருமியை விரட்டக் கிளம்பிய என் உடம்பின் காவல்படை, கிருமியை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல், ஆள் அடையாளம் தெரியாமல் என் நரம்பின் மேலுறையைக் கடித்துத் தின்ன ஆரம்பித்திருக்கிறது. மையலின் என்கிற உறை. நான் ஒரு மார்க் என்று தள்ளிவிட்டேனே, அந்தத் துணைச் செல்கள் சுற்றி வைத்த உறை. "நரம்பு நல்லாத்தான் இருக்குதுங்க டீச்சர். மேல இருக்கற உறைதான் போயிருக்குது. மருந்து சண்டையை நிறுத்தும். மறுபடியும் சுத்தறது அந்தச் செல்லுங்க வேலை. அதுக்கு நாளாகும்" என்றார் டாக்டர்.

"வைகாசிக்குள்ள சுத்திருமுங்களா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பார்க்கலாமுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் 'பார்க்கலாமுங்க' என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும், நடக்காது என்பதை மரியாதையாகச் சொல்வது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்று தெரியாததால் தம்பிமேல் காட்டினேன்.

மருந்தெல்லாம் ஏற்றி முடித்த பிறகு ஆர்.எஸ்.புரத்தில் தம்பியும் அம்மாவும் இருந்த வாடகை வீட்டுக்கு வந்தேன். என் கணவரும் மகளும் பெருந்துறையில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வார நாட்களில் ஒறம்பரை. சொந்தக்காரர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆரஞ்சும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "அம்மணிக்கு என்னாச்சுங்க?"

அம்மாவுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. நான் சொன்னால் அரை மணி நேரமாகும். ஆகவே தம்பி பொறுப்பெடுத்துக்கொண்டான். "அக்காவுக்கு உள்ள இருக்கற காயில் கம்பி நல்லா இருக்குதுங்க. மேல இன்சுலேசன் போயிருச்சு. இப்ப ரீவைண்டிங் ஆகிட்டு இருக்குது" என்பான். கோயமுத்தூர்ச் சனம் அல்லவா? மோட்டாரைப் பற்றித் தெரியாதவர் எங்கள் சொந்தத்தில் இல்லை. "அட, அவ்வளவுதானுங்களா" என்று நிம்மதியாகக் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. "டேய், ரீவைண்டிங்னா கம்பியை மாத்தறது. இங்க கம்பி அப்படியேதான் இருக்குது. உறையை மட்டும் புதுசாச் சுத்தோணும். தப்பாச் சொல்லித் தராதே" என்று ஒருநாள் கத்தினேன். அவன் அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்திருந்தான். கையில் பேக்கரியில் வாங்கிய எக் பப்ஸ் பொட்டலம். எனக்காகத் தினமும் வாங்கி வருவான்.

"சரி, நீயே சொல்லு. எப்படிச் சுத்தும்?" என்று பொட்டலத்தைத் தட்டில் பிரித்து என் மடியில் வைத்தான்.

சாகிற வரைக்கும் டீச்சர் டீச்சர்தான். பப்ஸை எடுத்து நடுவில் பிய்த்துக் காட்டினேன். "இந்த முட்டைதான் நரம்போட இழைன்னு வெச்சுக்கோ. உறைச் செல்லு ஒண்ணு வந்து இது மேல ஒட்டிப் படுக்கும். தன்னோட உடம்பையே தட்டையாக்கி, ஒரு ஓரத்தை அடியில நுழைச்சு, சுத்திச் சுத்திப் போகும். போகப்போக உள்ள இருக்கற தண்ணிச் சத்தையெல்லாம் பிதுக்கி ஒதுக்கிட்டு, கொழுப்புச் சவ்வு மட்டும் இந்தா, இப்படி அடுக்கடுக்கா நிக்கும்."

"அந்தச் செல்லு சுத்தி முடிச்சுட்டு எங்க போகும்?"

"எங்கயும் போகாது. சுத்துனதும் அதுதான், உறையும் அதுதான். உன் ஒயர்ல சுத்தியிருக்கறது வெறும் பிளாஸ்டிக்கு. இங்க சுத்தியிருக்கறது உயிரோட இருக்கற ஒரு ஆளு."

தம்பி பிய்ந்த பப்ஸின் அடுக்குகளை விரலால் எண்ணிப் பார்த்தான். பிறகு, "ஒரு செல்லு எத்தனை இழைக்குச் சுத்தும்?" என்று கேட்டான். என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. மூளைக்குள் வேறு வகைச் செல் இருக்கிறது, அது பல கைகளை நீட்டி ஒரே நேரத்தில் பல இழைகளுக்குச் சுற்றும் என்று சொன்னேன். கால் நரம்பில் அப்படியில்லை. ஒரு செல் ஒரே ஓர் இழையில் ஒரு சின்னத் துண்டுக்குத்தான் உறை போடும். அடுத்த துண்டுக்கு அடுத்த செல். இரண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி. மூளை அனுப்புகிற கட்டளை அந்த இடைவெளிக்கு இடைவெளி தாவித் தாவி ஓடும். கோயமுத்தூரில் ஏறினால் பெருந்துறையில்தான் நிற்கும் என்கிற பஸ் மாதிரி. உறை போய்விட்டால் அது கண்ட இடத்திலெல்லாம் நிற்கிற டவுன் பஸ்ஸாகிவிடும், என் கேஸில் நடுவழியிலேயே பிரேக்டவுன்.

"நாங்கன்னா வார்னிஷ் ஊத்திக் காயப்போட்டு நாளைக்கே மோட்டாரை ஓட்டிருவோம்" என்று சொல்லிவிட்டு மாதிரிக்கு வைத்திருந்த பாதி பப்ஸைத் தின்றுவிட்டான்.

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் நான் காலண்டரைப் பார்த்தேன். தை முடிந்துவிட்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரைக்கும் போகிற நிலையில் இருந்தேன். ஆள் இல்லாத நேரத்தில் என் காலைப் பார்த்து, "ஏனுங்க, கொஞ்சம் சீக்கிரம் சுத்துனா என்னுங்க, வைகாசி வந்துருமுங்க" என்று கெஞ்சுவேன். அம்மா ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, அக்காவுக்குத் தலையிலும் இன்சுலேஷன் போய்விட்டதோ என்று தம்பியிடம் ரகசியமாக விசாரித்திருக்கிறார்.

மாசியில் அம்மா மெதுவாகப் பேச்சை எடுத்தார். "ஏங்கண்ணு, இணைச்சீருக்குப் பெரியப்பன் மகளை நிக்கச் சொல்லலாமா? அவளும் அக்காதான? நீ பக்கத்துல சேர் போட்டு உக்காந்துக்க."

பெரியப்பா மகள் தங்கமானவள். அதுதான் இன்னும் எரிச்சல். அவளைத் திட்டக்கூட முடியாது. "அவ நிக்கறதுன்னா நான் மண்டபத்துக்கே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். தம்பி, கல்யாணத்தையே தள்ளி வைக்கலாம் என்று ஆரம்பித்தான். பெண் வீட்டில் மண்டபம் பிடித்து, பத்திரிகை அச்சுக்குக் கொடுத்தாயிற்று. அவனையும் திட்டினேன். உட்கார்ந்தபடி சீர் செய்தால் ஆகுமா என்று அருமைக்காரருக்கே போன் போட்டுக் கேட்டோம். மனிதர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அதுக்கென்னுங்க அம்மணி, பார்க்கலாமுங்க" என்றார். முடிந்தது கதை.

எனக்கு இருந்த ஒரே வழி பிசியோதெரபி பெண். பக்கத்துத் தெரு கிளினிக்கில் வேலை பார்த்தாள். அந்தியூர்க்காரி, வயதில் சின்னவள். அவள் ஊர்ச் சந்தையில் குதிரை பார்க்கிறவர்களைப் போல முதல் நாளே என் கால்களை முன்னும் பின்னும் நின்று பார்த்து, "வலது கால் கெட்டிங்க டீச்சர். இடது கால்தான் சோம்பேறி" என்று தீர்ப்புச் சொன்னாள். அவள் சொன்னால்தான் கைத்தடி இல்லாமல் நிற்கலாம். அவள் சரி என்று சொல்லிவிட்டால் அம்மா வாயை அடைத்துவிடலாம்.

வாரம் ஒருமுறை ஒரு சோதனை வைப்பாள். என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சை வைத்துக் காலில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்பாள். தொடுவது மேலிருந்து கீழே வரும். முழங்கால் தெரிந்தது, கணுக்கால் தெரிந்தது. இடது பாதத்துக்கு வந்தால் அங்கே ஆளே இல்லை. பங்குனியில் ஒருநாள் நான் பொறுமையிழந்துவிட்டேன்.

"தெரியுதுங்களா டீச்சர்?"

"தெரியுதுங்க."

"இப்பங்க?"

"ஓ, நல்லாத் தெரியுதுங்க. கட்டை விரல்லதானுங்களே?"

கண்ணைத் திறந்தேன். அவள் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டிலுக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

"நான் இன்னும் தொடவே இல்லீங்க டீச்சர்."

காப்பியடித்த எத்தனை பிள்ளைகளை நான் வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்திருப்பேன்! எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டு பேரும் அந்த கிளினிக்கே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். சிரித்து முடித்துவிட்டு அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் மார்க் போட இங்க இல்லீங்க. உள்ள சுத்தற வேலை எதுவரைக்கும் வந்திருக்குதுன்னு பாக்கத்தான் கேக்கறேன். மரத்துப்போன காலுமேல பாரம் வெச்சா மணவறையிலயே விழுந்துபோட்டு எந்திரிப்பீங்க. முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க. அதை மட்டும் சொல்லப் பழகுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

சொல்லப் பழகுவதுதான் நிற்கப் பழகுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. 'பரவாயில்லீங்க' என்று வந்துவிடும், வாயைப் பொத்திக்கொள்வேன். ஆனால் சித்திரை முழுக்க அவள் என்னை விடவில்லை. சுவரில் சாய்ந்து நின்றேன், பிறகு சுவரை விட்டு நின்றேன். அவள் என் எதிரில் நின்று இரண்டு கையையும் தொடாமல் பக்கத்தில் நீட்டி வைத்திருப்பாள். கடைசி வாரத்தில், "நிக்கலாமுங்க. ஆனா விரல்ல இன்னும் உணர்ச்சி வரலை, ஞாபகம் வெச்சுக்கங்க. ரொம்ப நேரம் வேண்டாம்" என்றாள். எவ்வளவு நேரம் என்று அருமைக்காரரிடம் யார் போய்ச் சொல்வது?

முகூர்த்தத்துக்கு முந்தைய சாயங்காலம் இணைச்சீர். அரக்குச் சேலை கட்டிக்கொண்டு, கைத்தடியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தம்பியின் பக்கத்தில் வெறுங்காலோடு போய் நின்றேன். பட்டு வேட்டியில் அவன் என்னைவிட ஒரு சாண் உயரமாகத் தெரிந்தான். நான் இடுப்பில் தூக்கிச் சுமந்த பயல். சேலையின் முனையை என் கையில் கொடுத்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது, கூச்சமில்லாமல் சொல்கிறேன். பெரியப்பா மகள் முதல் ஆளாகக் குலவையிட்டாள். முன் வரிசையில் அந்தியூர்ப் பெண் பூ வைத்துக்கொண்டு, என் முகத்தை விட்டுவிட்டு என் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. அருமைக்காரர் நிதானமான மனிதர். தேங்காயை வைப்பதற்கே நாலு பேரிடம் யோசனை கேட்பார். என் இடது தொடை மெல்ல நடுங்க ஆரம்பித்தது. சேலையின் முனையும் சேர்ந்து நடுங்கியது. அது தம்பியின் கைக்குத் தெரிந்துவிட்டது போல. தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"அக்கா, நிக்க முடியுதா?"

"பரவா..." என்று வாயில் வந்துவிட்டது. பாதியிலேயே விழுங்கினேன். "முடியலடா."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். பிறந்ததிலிருந்து என் வாயில் அவன் கேட்டிராத வார்த்தை அது. அருமைக்காரருக்கும் கேட்டிருக்க வேண்டும். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "மாப்பிள்ளை, அக்காளைக் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க சாமி. தோளோட தோள் பட்டாத் தப்பில்லீங்க. போட்டோவுல ரெண்டு பேரும் விழோணுமல்ல" என்றார். அந்த 'பார்க்கலாமுங்க' மனிதருக்குள் இப்படி ஒரு ஆள் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

தம்பி சட்டென்று என் பக்கம் நகர்ந்தான். அவன் தோள் என் தோளில் அழுந்தியது. என் பாரம் முழுக்க அவன்மேல் சாய்ந்தது. நகர்ந்த வேகத்தில் அவன் வலது கால், அவனுடைய மொத்தக் கனத்தோடு, என் இடது கால் விரல்கள்மேல் ஏறி நின்றது.

"ஆ! மிதிச்சுப்போட்டியேடா, எருமை!"

மைக் பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. குலவை நின்றது. பெண் வீட்டார் எழுந்து பார்த்தார்கள். தம்பி, "ஐயோ அக்கா, தெரியாம..." என்று காலை எடுத்தவன், அப்படியே நின்றுவிட்டான். "எந்தக் காலு?"

"இடது."

"இடதா?"

முன் வரிசையில் அந்தியூர்ப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். அத்தனை ஒறம்பரைக்கும் நடுவில், கிளினிக்கில் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"டீச்சர், தெரியுதுங்களா?"

கட்டை விரலும் அதற்குப் பக்கத்து விரலும் சுரீர் சுரீர் என்று வலித்துக்கொண்டிருந்தன. அங்கே ஆள் வந்துவிட்டது. எனக்குத் தெரியாமல், யாரும் பார்க்காமல், ஒரு மார்க்குச் செல்கள் அவ்வளவு தூரம் வந்து சேர்ந்துவிட்டன. நான் அழுதேனா சிரித்தேனா என்று வீடியோவைப் பார்த்தாலும் சொல்ல முடியவில்லை. சேலை முனையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தேன்.

"இன்னொருக்கா மிதிடா" என்றேன்.

மிதித்தான். வலித்தது. சீர் முடிகிற வரைக்கும் அப்படியே நின்றோம்.